காந்தி நகர், பெசன்ட் நகர், அண்ணா நகர்: மரநிழலில் குடியிருக்க எது சரி?

சென்னையில் மரம் அடர்ந்த பகுதியாகப் பார்த்து வீடு தேடுகிறவர்களின் பட்டியலில் மூன்று பெயர்கள் தவறாமல் இருக்கும்: அடையாறு காந்தி நகர், பெசன்ட் நகர், அண்ணா நகர். கோட்டூர்புரத்திலும் நுங்கம்பாக்கத்தின் உள்தெருக்களிலும்கூட நல்ல நிழல் உண்டு, அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் இந்த மூன்றுமே பிடித்துப்போகும். வித்தியாசம் தெரிவது ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும்தான்.

மரங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அவை யார் நிலத்தில் நிற்கின்றன, என்ன மரங்கள், எந்த மண்ணில் வேர் விட்டிருக்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். இன்னும் பத்து வருடம் கழித்தும் அந்தத் தெருவில் நிழல் இருக்குமா என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

மரம் யார் நிலத்தில்?

காந்தி நகர், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் மனை பிரித்த பகுதி. மனைகள் பெரியவை. நடுவில் வீடு, முன்னால் இரண்டு வேம்பு, பின்னால் மா, தென்னை, பலா என்று கட்டிய காலம் அது. தெருவில் நடக்கும்போது தலைக்கு மேலே தெரியும் பச்சையில் பெரும்பங்கு சுற்றுச்சுவருக்கு உள்ளே நிற்கும் மரங்களுடையது. அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது, ஸ்டில்ட் பார்க்கிங்கும் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம்) சம்ப்பும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மனையின் ஓரம் வரை வந்துவிடுவதால், உள்ளே இருந்த ஏழெட்டு மரங்களில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. இடித்துக் கட்டுவது அதன் பிறகு இன்னும் லாபமான காரியமாகிவிட்டது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. சென்னையில் தனியார் மனைக்குள் நிற்கும் மரத்துக்கு அந்த அளவு வலுவான காவல் கிடையாது. இது வருத்தப்பட வேண்டிய விஷயம், வீடு பார்க்கிறவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயமும்கூட.

அண்ணா நகர் இதற்கு நேர் எதிர். 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் அமைத்த பகுதி. அகலமான நிழற்சாலைகள், பிளாக்குகளுக்கு நடுவே பூங்காக்கள், எல்லாவற்றுக்கும் தலையாக டவர் பார்க். இங்கே நிழலில் பெரும்பகுதி பொது நிலத்து மரங்கள் தருவது. பக்கத்து வீட்டை இடித்தாலும் தெருமரம் நிற்கும். தெருவோர மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதால், நினைத்தவுடன் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் பொது நிலத்து மரத்துக்கு வேறு எதிரிகள் உண்டு: மழைநீர் வடிகால், கேபிள் பள்ளம், கடை முகப்பு. இரண்டாவது அவென்யூ மாதிரி வணிகம் பெருகிய சாலைகளில் கடைப் பலகையை மறைக்கிறது என்பதற்காகவே கிளைகள் மொட்டையடிக்கப்படுகின்றன.

பெசன்ட் நகரும் வீட்டு வசதி வாரியம் உருவாக்கியதுதான், பெரும்பாலும் 1970-களில். இதன் பச்சைக்கு ஆதாரம் குடியிருப்புத் தெருக்கள் மட்டும் இல்லை. வடக்கே பிரம்மஞான சபையின் தோப்பு, தெற்கே கலாக்ஷேத்ரா வளாகம் என்று இரண்டு பெரிய நிலங்கள் பகுதியின் இரு முனைகளையும் பிடித்து நிற்கின்றன. பிரம்மஞான சபை 1882-லிருந்து அடையாற்றில் இருக்கிறது. கலாக்ஷேத்ரா 1962-ல் அங்கிருந்து திருவான்மியூர்ப் பக்கம் வந்தது. இந்த வளாகங்களை ஒட்டிய தெருக்களில் வீடு கிடைத்தால் நிழலின் ஆயுள் கெட்டி. நடுப்பகுதியில் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும்.

நிழல் நிலைத்து நிற்குமா என்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அண்ணா நகரின் உள் நிழற்சாலைகளே முதலிடம். இன்றைய தேதியில் எங்கே அதிகக் குளிர்ச்சி என்றால் காந்தி நகர்.

என்ன மரம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த அன்று சென்னை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அதிகம் விழுந்தவை மே மாதத்தில் கண்ணைப் பறிக்கும் இரண்டு: மஞ்சள் பூ உதிர்க்கும் பெருங்கொன்றை, சிவப்புப் பூவுள்ள மே ஃபிளவர். இரண்டும் வேகமாக வளர்பவை, கட்டை லேசானது, வேர் மேலாகப் படர்வது. வேம்பு, புங்கை, பூவரசு, பனை ஆகியவை ஒப்பீட்டளவில் நன்றாகவே தாங்கின. வீட்டு வாசலில் நிற்பது எது என்று தெரிந்துகொள்வது இதனால்தான் அவசியம்.

பெருங்கொன்றை அடியில் கார் நிறுத்தினால் சித்திரை, வைகாசியில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுச் சல்லடையில் இதழ்கள் சேர்ந்து மக்கும். ஏசி போட்டவுடன் புளித்த வாடை வருவது அதனால். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து கையால் அள்ளி எடுத்துவிட வேண்டும், தண்ணீர் அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும்.

தூங்குமூஞ்சி மரம் தரும் நிழலுக்கு ஈடில்லை. ஒரே மரம் நான்கு வீட்டு வாசலை மூடும். மாலையில் இலை மடங்குவதால் இரவில் வெக்கை மேலே போய்விடும். சங்கடம் கோடையில் வரும்: கறுத்த காய்கள் விழுந்து, வண்டி ஏறி நசுங்கி, தரையெல்லாம் பிசுபிசுக்கும். டைல்ஸ் போட்ட வாசல் என்றால் கறை போகாது. முதிர்ந்த மரத்தின் பக்கக் கிளைகள் காற்றே இல்லாத நாளிலும் முறிவது உண்டு. கிடைமட்டமாகப் பத்து மீட்டர் நீண்ட கிளையின் நேர் கீழே இரு சக்கர வாகனம் நிறுத்தும் இடம் இருந்தால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாதாம் மரம் இலைகளைச் சிவக்கச் செய்து மொத்தமாகக் கொட்டும், அதுவும் பெரும்பாலும் வருடத்துக்கு இருமுறை. அந்த இலை பெரியது, தடித்தது, எளிதில் மக்காது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயை மூட நாலு இலை போதும். பழுக்கும் பருவத்தில் வௌவால்கள் வரும், வெள்ளைச் சுவரில் கோடுகளாக எச்சம் வழியும். நெட்டிலிங்கத்திலும் இதே கதைதான், போதாக்குறைக்கு அது நிழலும் தருவதில்லை.

முருங்கை பக்கத்து வீட்டில் இருந்தால் மழை விட்ட கார்த்திகை, மார்கழியில் கம்பளிப்பூச்சி சுவரேறி வரும். துணி காயப்போடும் கொடி அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. தென்னைக்குக் கீழே கார் நிறுத்துவதாக இருந்தால் வருடத்துக்கு நான்கு தடவையாவது ஆள் விட்டுக் காயும் காய்ந்த மட்டையும் இறக்கியாக வேண்டும்.

வாசலுக்குச் சிறந்தது புங்கை. மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் சில வாரங்களிலேயே தளிர் வந்துவிடும். பூ உதிர்ந்தால் பொரி கொட்டினாற்போல இருக்கும், பெருக்கித் தள்ளினால் முடிந்தது. வேம்பும் அப்படியே. இந்த இரண்டும் வரிசையாக நிற்கும் தெருவில் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மரம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. மரம் சாய்ந்திருந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்க மண்ணில் வெடிப்பு தெரிந்தால் வேர் தூக்குகிறது என்று பொருள். அடியைச் சுற்றி சிமென்ட் இறுக்கியிருந்தால் நீரும் காற்றும் போகாது, சுற்றிலும் குறைந்தது ஒரு மீட்டருக்காவது மண் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, கைக்கெட்டும் தூரத்தில் புதிதாக வடிகால் போட்டிருப்பது. மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் பக்கவாட்டில் ஓடுபவை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஜேசிபி ஓடினால் அந்தப் பக்கத்துப் பிடிமானம் மொத்தமும் போகும். அடுத்த புயலில் மரம் விழுவது பெரும்பாலும் வெட்டாத பக்கத்தை நோக்கி, அதாவது வீட்டின் மீதோ சாலையின் மீதோ. கிளை கழிக்க வேண்டுமென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் ஆகஸ்டிலேயே பதிந்துவிட வேண்டும். அக்டோபரில் கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். உச்சியை மொட்டையடிக்க விடாதீர்கள். காய்ந்ததையும் ஒரு பக்கமாகக் கனத்திருப்பதையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மொட்டையடித்த இடத்தில் கிளைக்கும் கொம்புகள்தான் பிறகு முதலில் முறியும்.

மண்ணும் தண்ணீரும்

பெசன்ட் நகர் மணல். எவ்வளவு மழை பெய்தாலும் நின்ற இடத்தில் இறங்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி உடைந்த செங்கல் நிரப்பினாலே மழைநீர் சேகரிப்பு வேலை செய்யும். ஆனால் கடல் பக்கம் என்பதால் ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்தி உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறும். வீடு பார்க்கும்போது சமையலறைக் குழாயில் வருவது குடிநீர் வாரியத் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்டு, குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் ஹீட்டர், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் ஆயுள் குறைவு.

அண்ணா நகர் களிமண். மேலே தேங்கும், மெதுவாக இறங்கும். மணலுக்கான அதே குழியை இங்கே வெட்டினால் அது கொசுக் குட்டைதான் ஆகும். குழியின் அடியில் 6 அங்குலத்திலிருந்து 1 அடி அகலத்தில், 10 முதல் 15 அடி வரை துளையிட்டுச் செங்கல் ஜல்லி நிரப்பினால்தான் நீர் இறங்கும். களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். பெரிய மரத்தை ஒட்டிய சுற்றுச்சுவரில் சாய்வாக விரிசல் ஓடுவது இதனால்தான். வீட்டின் சுவரிலும் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் போனால், பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ‘ஓட்டேரி நல்லா’ என்ற கால்வாய் ஓடும் பக்கத்துத் தெருக்களில் மழைக்காலத் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று பால் போடுகிறவரையும் இஸ்திரிக் கடைக்காரரையும் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

காந்தி நகரில் மண் இதமானது, ஆனால் வடக்கே ஆறு, மேற்கே பக்கிங்காம் கால்வாய். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியது நினைவிருக்கும். காந்தி நகரில் ஆற்றுப் பக்கத்தையும் கால்வாய்க் கரைப் பக்கத்தையும் எச்சரிக்கையோடு பாருங்கள். நகரின் இந்தப் பகுதிகளில் மின்கம்பி தரைக்கடியில் போகிறது. மரம் விழுந்து கம்பி அறுவது குறைவு, ஆனால் தெருவோர பில்லர் பாக்ஸ் (மின் இணைப்புப் பெட்டி) நீரில் முழுகினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். தெருப்பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, வீட்டு மீட்டர் பலகை தரையிலிருந்து எத்தனை அடி என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். மீட்டர் ஸ்டில்ட்டில் இடுப்பளவுக்குக் கீழே இருந்தால், உயர்த்தித் தரும்படி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

மூன்று பகுதிக்கும் பொதுவான தலைவலி கழிவுநீர்க் குழாய். பழைய ஸ்டோன்வேர் குழாய்களின் இணைப்பில் நூலளவு சந்து இருந்தாலும் வேர் நுழையும். நுழைந்தபின் உள்ளே தலைமுடிக் கற்றையாகப் பரவி, எண்ணெயும் சோறும் அதில் சிக்கி அடைக்கும். வீட்டைப் பார்க்கும்போதே சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்லி, இரண்டு கழிப்பறையிலும் ஒரே நேரத்தில் ஃபிளஷ் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வடிந்தால் சரி. தேங்கி நின்று மெல்ல இறங்கினாலோ, குழாய் வாயில் பழுப்பு நிற மெல்லிய வேர் தெரிந்தாலோ, அந்தப் பகுதியைத் தோண்டி பிவிசி மாற்றாமல் தீராது. மோட்டார் கம்பி விட்டு எடுப்பது சில மாதங்களுக்குத்தான் தாங்கும்.

எந்த மாடி?

ஒரே தெருவில் தரைத்தளத்துக்கும் நான்காவது மாடிக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு பகுதிகளுக்கு இடையே இருப்பதைவிட அதிகம். ஸ்டில்ட் மேல் கட்டிய அடுக்ககத்தில் இரண்டாம் மாடி ஜன்னல் தரையிலிருந்து சுமார் 7 மீட்டர், மூன்றாவது 10, நான்காவது 13. வேம்பு, புங்கையின் தழைப்பகுதி பெரும்பாலும் 6 முதல் 12 மீட்டருக்குள் இருக்கும். ஆகவே மர நிழலை உண்மையாக அனுபவிப்பது இரண்டாவது, மூன்றாவது மாடிக்காரர்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே தழை இருந்தால் பிற்பகல் வெயில் சுவரைச் சுடாது. அதே மாடிக்குத்தான் அணிலும் கட்டெறும்பும் வரும். கிளைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி வைத்துக் கழித்துவிட்டால் பெரும்பகுதி தீரும்.

நான்காவது மாடி நிழலுக்கு மேலே போய்விடுகிறது. மரங்கள் அடர்ந்த தெருவில் வசித்தும் கூரை கொதிக்கும். சூரியத் தகடு வைக்க மட்டும் இதுதான் இடம். ஆனால் பக்கத்து மரத்தின் ஒரு கிளை நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் சரியும். காலை 9, மதியம் 12, மாலை 3 என மூன்று வேளை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போட்டுப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

மாடி மழைநீர்க் குழாய்க்குத் தட்டையான வலை வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். இலை படுத்து அடைத்துவிடும். குவிந்த கூண்டு மூடிதான் வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை, பெருமழை எச்சரிக்கை வந்த அன்று ஒருமுறை பெருக்கினால் போதும். சன்ஷேடுகளை மறக்கக் கூடாது. டெங்கு கொசுவுக்கு இலைக்குப்பையில் தேங்கும் ஒரு கிண்ணம் நீரே தாராளம். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரச, ஆலங்கன்றை விரல் தடிமன் ஆகும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். மேலே மட்டும் ஒடித்தால் வேர் சுவருக்குள் பருத்துக்கொண்டே போகும்.

தரைத்தளத்தில் நிழல் இரட்டிப்பாகிவிடுகிறது: மரமும் மறைக்கும், பக்கத்துக் கட்டடமும் மறைக்கும். அலமாரியில் தோல் பொருட்களும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்கும். பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய ஓட்டு வீடாகவோ பொய்க்கூரை உள்ளதாகவோ இருந்தால், காந்தி நகரிலும் பெசன்ட் நகரிலும் மரநாய் குடிபுகும் வாய்ப்பு உண்டு. அது யாரையும் ஒன்றும் செய்யாது. இரவில் வெளியே போனபின் நுழையும் வழியைக் கம்பிவலையால் அடைத்தால் போதும், குட்டி உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

காற்று, சத்தம், போக்குவரத்து

கோடையில் கடற்காற்று முதலில் வந்து சேர்வது பெசன்ட் நகருக்கு, சற்றுப் பின்னால் காந்தி நகருக்கு. கடலிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அண்ணா நகருக்கு அது தாமதமாகவும் சூடேறியும் வரும். ஆனால் அந்தக் காற்றோடு உப்பும் வரும். கடற்கரையை ஒட்டிய அவென்யூக்களில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுவது சாதாரணம். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பூச்சு உப்பியோ, துருக்கோடு ஓடியோ இருந்தால் அந்தக் கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு வரிசையில் நிற்கிறது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கு வரிசை வீடுகளும் மரங்களும் இருந்தாலே நிலைமை எவ்வளவோ மேல்.

சத்தத்தைப் பொறுத்தவரை பெசன்ட் நகருக்கு இரண்டு முகம். வாரநாட்களில் அமைதி, சனி ஞாயிறு மாலையில் எலியட்ஸ் கடற்கரைக்கு வரும் வாகனங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா திருவிழாக் கூட்டம். ரயில் கிடையாது, பேருந்து நிலையம் மட்டும். காந்தி நகருக்குக் கஸ்தூரிபா நகர் பறக்கும் ரயில் நடக்கும் தூரத்தில் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் எல்.பி. சாலைப் பக்கம் தூசியும் மாற்றுப்பாதையும் இருக்கின்றன, உள் மெயின் ரோடுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2017-லிருந்து அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் டவர் மெட்ரோ நிலையங்கள் இயங்குகின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு, பூங்கா, மெட்ரோ, மருத்துவமனை மூன்றும் நிழலிலேயே நடந்து போகும் தூரத்தில் இருப்பது இங்கேதான் எளிது.

ஒப்பந்தம் போடும் முன்

பக்கத்து மனைகளைப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய தனி வீடு ஒட்டி இருந்தால், அது இடிபடும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை இரண்டு வருடம் தூசியும் மிக்சர் சத்தமும், அதன்பின் உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த மாமரத்தின் இடத்தில் இன்னொரு ஜன்னல். காந்தி நகரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீடு வாங்கவே கூடாது. ஏற்கெனவே இடித்துக் கட்டி முடித்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள வீடு, படத்தில் அவ்வளவு பச்சையாகத் தெரியாவிட்டாலும், நிழல் கணக்கில் பாதுகாப்பானது.

சொந்த வீடு என்றால் நடவும் வேண்டும். அடுக்ககத்தின் ஒன்றரை மீட்டர் ஓரத்தில் வேம்பு வைத்தால் பத்து வருடத்தில் நீங்களே வெட்டச் சொல்வீர்கள். அங்கே பவழமல்லி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, எலுமிச்சை போதும். பெரிய மரத்துக்கு இடம் தெருவோரம், புங்கையோ வேம்போ கேட்டு மாநகராட்சியிடம் மனு கொடுக்கலாம். பெசன்ட் நகரின் கடற்பக்கத் தெருக்களில் உப்புக்காற்றுக்குப் புன்னையும் பூவரசும்தான் நிற்கும். கன்று ஐந்தாறு அடி உயரத்தில், நேரான தண்டோடு இருக்க வேண்டும். ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவே நட்டால் வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க வைக்கும். அடுத்து வரும் இரண்டு கோடைகளில் வாரம் இரண்டு முறை, தடவைக்கு இரண்டு குடம் தண்ணீர். மூன்றாவது கோடையில் கன்றைச் சுற்றிய காப்புக் கூண்டைக் கழற்றிவிடலாம்.